டப்பாவின் பின்பக்கம்

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு, உன் அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமா?

இந்த ஒரு வரியை எழுதி முடித்ததும் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தாகத்தால் இல்லை, சந்தோஷத்தால். எழுபத்தோரு வயதில் என் தங்கைக்கு நானே கடிதம் எழுதுகிறேன். யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

மாலை வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் மறைத்துவிட்டேன். பாதியில் விட்டால் கேலி செய்வாய் என்று பயம். டீச்சர் பகலில் பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறவர், என் மகள் வயது இருக்கும். "நாப்பத்தாறு வருஷம் லாண்டரியில இஸ்திரிப் பெட்டி தூக்கின கைதானே தாத்தா? இந்தப் பேனா எம்மாத்திரம்?" என்பார். அவருக்குத் தெரியவில்லை. பெட்டிக்குக் கனம் இருக்கிறது, அதனால் தானாக நேராகப் போகும். பேனாவுக்குக் கனமே இல்லை. அது போகிற இடத்துக்கெல்லாம் நான் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது.

உன் அண்ணி இருந்தவரை எல்லாவற்றையும் அவளே படித்துச் சொன்னாள். அவள் போன பிறகு தெருவில் இருந்த பலகைகள் எல்லாம் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. இப்போது ஒவ்வொன்றாகப் பேசுகின்றன. நேற்று ஒரு சுவர், "இங்கே குப்பை போடாதீர்கள்" என்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்து வருஷமாக நான் குப்பை போடுவது அங்கேதான்.

ஒரு வேண்டுகோள். இனிமேல் போன் வேண்டாம். எழுது. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. படித்துத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று சாயங்காலம் ஆனது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


ஜனவரி 25

அண்ணனுக்குத் தங்கையின் வணக்கம். இங்கே எல்லாம் நலம்.

உன் உறை வந்தபோது கடையில் ஐந்தாறு பேர் நகல் எடுக்க நின்றுகொண்டிருந்தார்கள். அனுப்பியவர் என்ற இடத்தில் "அண்ணன்" என்று மட்டும் இருந்தது. உலகத்தில் எனக்கு எத்தனை அண்ணன்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தாய்? பிரித்தேன். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, என் வீட்டுப் பத்திரம் ரெண்டு காப்பிதான் கேட்டேன். அது இருபதுக்கு மேல கக்கிட்டு இருக்கு, பாருங்க" என்றாள் ஓர் அம்மா.

"இருங்கம்மா, எங்க அண்ணன் லெட்டர் போட்டிருக்கான்."

"அதுக்கு ஏன் அழறீங்க? கெட்ட சேதியா?"

"அழறேனா? மெஷின் சூடு கண்ணுல படுது."

எல்லாரும் போன பிறகு உன் கடிதத்தை மெஷினில் வைத்து ஒரு நகல் எடுத்தேன். நகலைப் பையில் வைத்திருக்கிறேன், அசலைப் பீரோவில் பூட்டிவிட்டேன். பதினான்கு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாயே, நீ பொல்லாதவன். பாதியில் விட்டிருந்தால் கேலி செய்துதான் இருப்பேன். இப்போது அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டாய்.

நாள் முழுவதும் நிற்கிற வேலை. முட்டி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. நீ மாடிப்படி பார்த்து ஏறு.

அன்புடன்,
சின்னவள்


பிப்ரவரி 15

சின்னவளுக்கு, நான் நல்ல சுகம். உன் முட்டி முனகுகிறது என்று எழுதியிருந்தாய். இனி முனகாது. காரணம் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு கடை திறந்திருக்கிறார்கள். இயற்கை நலப் பொருட்கள். ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் பெரிய எழுத்து, எனக்கென்றே அடித்த மாதிரி. முதல் நாள் உள்ளே போய் மேல் தட்டிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். "முட்டிக்கு நிம்மதி." "வயிற்றுக்கு நண்பன்." "தொண்டைக்கு இதம்." ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடைக்காரர் டாக்டர் இல்லை, ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். "ஐயா, இந்தத் தட்டு முடிஞ்சுதா? அடுத்த தட்டுக்கு ஸ்டூல் எடுத்துப் போடட்டுமா?" என்றார். போட்டார். ஏறிப் படித்தேன்.

"முழு நலம்" என்று ஒரு பொடி வாங்கி வந்தேன். காலையும் மாலையும் வெந்நீரில் ஒரு ஸ்பூன். லேசாக இனிக்கிறது. பத்து நாளில் உடம்பு காற்று மாதிரி இருக்கிறது. எங்கள் கீழ் வீட்டு டாக்சி டிரைவர், "இதெல்லாம் சும்மா பெரியவரே, காசு பிடுங்கற வேலை" என்கிறார். நான் கேட்டேன், பேச்சில் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம், அச்சில் போடுவது அப்படியா? எங்கள் லாண்டரியில் ஒரு சட்டை வெளியே போக வேண்டுமென்றால் மூன்று கை அதைப் பார்த்திருக்கும். துணிக்கே அப்படி என்றால், ஊரெல்லாம் படிக்கிற எழுத்தை எத்தனை பேர் சரிபார்த்திருப்பார்கள்! அச்சில் வந்தது பொய்யாக இருக்காது, சின்னவளே. எழுத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதற்காகவா கண்டுபிடித்தார்கள்?

உனக்கு "முட்டிக்கு நிம்மதி" இரண்டு டப்பா பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தவறாமல் சாப்பிடு. அண்ணன் சொல்கிறேன்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணனுக்கு, நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

டப்பா இரண்டும் உடையாமல் வந்து சேர்ந்தன. அலமாரியில் கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். முட்டி பரவாயில்லை.

அச்சைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். எவ்வளவு அழகாக எழுதுகிறாய்.

அது இருக்கட்டும். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடவில்லையே? நம் இரண்டு பேருக்கும் அம்மா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். கவனமாக இரு.

சின்னவள்


ஏப்ரல் 5

சின்னவளுக்கு, சுகம், சுகம், சுகம். மூன்று முறை எழுதிப் பார்த்தேன், கை நன்றாக வருகிறது.

"முட்டி பரவாயில்லை" என்று நீ எழுதிய வரியை டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். டிரைவருக்குப் படித்துக் காட்டினேன். கடைக்காரருக்கும் காட்டினேன். அவர், "ஐயா, இதை ஒரு காப்பி எடுத்துக் கடையில ஒட்டிக்கட்டுமா?" என்று கேட்டார். தங்கையின் கடிதத்தைக் கடைத்தெருவில் ஒட்டுவார்களா? மாட்டேன் என்றுவிட்டேன்.

உனக்கே குணம் தெரிகிறது என்றதும் எனக்கும் தெம்பு வந்தது. இப்போது நானும் முட்டிப் பொடி சாப்பிடுகிறேன். வயிற்றுக்கும் தொண்டைக்கும் வாங்கிவிட்டேன். "முழு நலம்" ஏற்கெனவே இருக்கிறது. நான்கும் காலையில் ஒரு ஸ்பூன், மாலையில் ஒரு ஸ்பூன். பிரஷருக்கு வழக்கமான அரை மாத்திரை. விடவில்லை, பயப்படாதே.

கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் படிவம்! இத்தனை காலம் கட்டைவிரலை மையில் தோய்த்தே பழகியவன், பேனாவால் பூர்த்தி செய்தேன். பெயர், வயது, தொழில். "நலனில் ஆர்வமுள்ள உறவினரின் போன் எண்" என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட மனம் வரவில்லை. உன் எண்ணை எழுதினேன்.

உடம்பு நன்றாகத் தேறுகிறது. பாதம்கூடச் சதை போட்டுவிட்டது. பழைய ஷூ ஏறவில்லை. "என்ன பெரியவரே, இந்த வயசுல வளர்றீங்களா?" என்கிறார் டிரைவர். ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன்.

உனக்கு இன்னும் ஆறு டப்பா அனுப்பியிருக்கிறேன், நான்கு வகையிலும் கலந்து. எட்டும் தீரட்டும், பிறகு சொல்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா, நான் நலம். நீ நலமா என்றுதான் சந்தேகமாக இருக்கிறது.

பாதம் மட்டும் எப்படிச் சதை போடும்? வயிறு போடவில்லை, கன்னம் போடவில்லை, பாதம் மட்டும் போடுகிறதா? கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பார். குழி விழுந்து அப்படியே நின்றால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரிடம் போ. போகும்போது அந்த டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. தள்ளிப்போடாதே.

உன் படிவத்தின் மகிமையைக் கேள். நேற்று மட்டும் பத்தொன்பது போன். "அம்மா, மூட்டு வலியா? அம்மா, முடி கொட்டுதா? அம்மா, தூக்கம் வருதா?" என்று கேட்கிறார்கள். "நீங்க போனை வச்சா வரும்" என்றேன். அப்படியும் வைக்கவில்லை. இந்த எண்ணையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கப் போகிறேன்.

பார்சல் வந்தது. எட்டும் வரிசையாக நிற்கின்றன. டாக்டர் சொன்னதை எழுது.

சின்னவள்


மே 24

சின்னவளுக்கு, சுகமாக இருக்கிறேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

டாக்டரிடம் போனேன். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். அரை மாத்திரையை ஒன்றாக்கினார். பிறகு இரண்டாக்கினார். ரத்தம் எடுத்தார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொடி மருந்து இல்லையே. "இயற்கை" என்று முன்பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிறது. அதனால் டப்பாக்களை எடுத்துப் போகவும் இல்லை.

மூன்று மாடி ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் நிற்கிறேன். அங்கே ஒட்டியிருக்கிற அறிவிப்புகளைப் படிக்கலாம் அல்லவா. வகுப்புக்கு மூன்று வாரமாகப் போகவில்லை. மழை.

கடிதம் சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதே. பேனாவில் மை குறைவு.

நீ பொடியை நிறுத்திவிடாதே.

அண்ணன்


ஜூன் 10

சின்னவளே, இதைப் படித்ததும் டப்பாக்களைத் தொடாதே. எட்டையும் தூக்கிக் குப்பையில் போடு. ஒரு ஸ்பூன்கூடச் சாப்பிடாதே. நலம் விசாரிப்பது பிறகு இருக்கட்டும்.

உனக்குப் பதினொரு முறை போன் செய்துவிட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உன் கடைக்குப் பக்கத்துக் கடை எண்கூட என்னிடம் இல்லை. கடிதம் ஒன்றுதான் வழி. அதனால் வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் வகுப்புக்கு வரவில்லை என்று டீச்சர் வீட்டுக்கே வந்தார். மழை இல்லை, கால் வரவில்லை என்பதை என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "சரி தாத்தா, உக்காந்துகிட்டே பாடம் பண்ணுங்க. எப்பப் பார்த்தாலும் பெரிய எழுத்தையே படிக்கறீங்க. வீட்டுல இருக்கற ஏதாவது டப்பாவோட பின்பக்கத்தை எடுத்து, பொடி எழுத்தை ஒண்ணு விடாம நோட்டுல எழுதுங்க" என்று ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்தார்.

என் வீட்டில் டப்பாவுக்கா பஞ்சம்? ஒரு சாயங்காலத்துக்கு ஒரு டப்பா. எறும்பு எழுத்து. "இதில் சேர்ந்துள்ளவை" என்று ஆரம்பித்து ஒரு பெரிய கூட்டமே இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பது, எழுதுவது, மறுபடி பார்ப்பது. முதல் நாள் "அதிமதுரம்" என்ற சொல்லுக்கே ஐந்து நிமிஷம் ஆனது. இரண்டாம் நாளும் அது வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. நான்காம் நாள் "அதி" என்ற இரண்டு எழுத்தைத்தான் கண்ணாடியில் பார்த்தேன். மீதியைக் கை தானாகவே எழுதிவிட்டது.

அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தேன். முன்பக்கத்தில் நான்கு பெயர், நான்கு படம், நான்கு நிறம். பின்பக்கத்தில் நான்கிலும் அதே சொல், நான்கிலும் முதல் வரிசையில். பொடி இனித்ததும் அதனால்தான். நான்கு டப்பா, இரண்டு வேளை, ஒரு நாளைக்கு எட்டு ஸ்பூன். அதற்கும் கீழே, கடைசி வரியில், கண்ணாடியை இரண்டு முறை துடைத்துவிட்டுப் படித்தேன்: "இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது."

டிரைவர் என்னைத் தாங்கிப் பிடித்து டாக்சியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். நோட்டை நீட்டினேன்.

"இதை யார் எழுதினது?"

"நான்தாங்க."

"ஒண்ணரை மாசமா நான் தேடிட்டு இருந்தது இதைத்தான். மாத்திரையைக் கூட்டக் கூட்ட உங்க பிரஷரும் கூடுது, ரத்தத்துல பொட்டாசியம் குறைஞ்சுகிட்டே போகுது. கிட்னியோன்னு பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதலாம்னு இருந்தேன். அன்னைக்கே கேட்டேனே, வேற ஏதாவது சாப்பிடறீங்களான்னு?"

"மருந்துதானே கேட்டீங்க. இது பொடிதானேங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிமதுரம் கெட்டதில்லையாம். கொஞ்சமாக, எப்போதாவது என்றால் ஒன்றுமில்லையாம். தினமும் இத்தனை உள்ளே போனால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, காலுக்குத் தெம்பு கொடுக்கிற உப்பை வெளியே தள்ளிவிடுமாம். பிரஷர் உள்ளவர்களுக்கு நெஞ்சுக்கே ஆபத்தாம். நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிடும் என்றார்.

எனக்கு இறங்கட்டும், இறங்காமல் போகட்டும். உனக்கும் பிரஷர் இருக்கிறதே! நான் எட்டு டப்பா அனுப்பினேனே! மே மாதம் சுகம் என்று உனக்கு எழுதியது பொய். படியில் ஒரு முறை விழுந்தும் இருக்கிறேன். அந்த நிலையில் உட்கார்ந்துகொண்டு உனக்கு, நிறுத்தாதே என்று எழுதினேன். உடனே பதில் போடு. ஒரே வரி போதும்.

அண்ணன்


ஜூன் 22

சின்னவளே, பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கையை ஆட்டி இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

ஒன்பது மணி நேரப் பயணம் இப்போது கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் யார் தடுத்தாலும் கிளம்பிவிடுவேன். டிரைவர் கூட வருகிறேன் என்கிறார்.

எழுதத் தெரியாமலே இருந்திருக்கலாம். எழுதத் தெரிந்ததால்தானே உனக்குச் சாப்பிடு என்று எழுதினேன்.

அண்ணன்


ஜூன் 25

என் அண்ணனுக்கு, உன் தங்கை உயிரோடு, பிரஷர் ஏறாமல், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு எழுதுவது.

நேற்று உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகப் படித்துவிட்டு உடனே போன் செய்தேன். நீ "சின்னவளே" என்றாய், அதற்கு மேல் பேச முடியவில்லை. நான் "அண்ணா" என்றேன், என்னாலும் முடியவில்லை. கடைசியில் உன் டிரைவர்தான் போனை வாங்கி, "அம்மா, நல்லா இருக்கீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, இங்க மனுஷன் தரையில உக்காந்துட்டாரு" என்றார். நல்லா இருக்கேன் என்று சொன்னேன். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

நான் அந்தப் பொடியைச் சாப்பிடவே இல்லை. ஜூன் மாதம் நிறுத்தினேன் என்று சொல்லவில்லை. ஒரு நாளும், ஒரு ஸ்பூனும் சாப்பிடவில்லை. எட்டு டப்பாவும் சீல் உடையாமல் அலமாரியில் நிற்கின்றன. தினமும் முகத்தில் விழிக்கிறேன் என்று எழுதியது உண்மை. முட்டி பரவாயில்லை என்று எழுதியதுதான் பொய்.

ஏன் சாப்பிடவில்லை என்றால், என் கடைக்கு வாரத்தில் இரண்டு பேராவது லேபிள் அடிக்க வருகிறார்கள். போன வருஷம் ஒருவர் வந்து, "அக்கா, இருநூறு லேபிள் வேணும். முட்டிக்குன்னு போடலாமா, முடிக்குன்னு போடலாமா? எது நல்லா ஓடும்?" என்று என்னிடமே கேட்டார். "டப்பாவுல என்ன இருக்கு?" என்றேன். "அதை அப்புறம் பார்த்துக்கலாம்க்கா" என்றார். எல்லாரும் அப்படி இல்லை. ஆனால் எந்த எழுத்தை யார் சரிபார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதை மெஷின் முன்னால் நிற்கிற எனக்குத் தெரியும்.

அதை அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நீ எழுதியிருந்தாய். பேனாவை எடுத்தேன், இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பதினான்கு மாதம் தட்டித் தட்டி இப்போதுதான் கதவு திறந்து உள்ளே வந்திருக்கிறாய். வாசலிலேயே நிறுத்தி, இங்கே பொய்யும் குடியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நீ சந்தோஷமாக இரு, எனக்கு எட்டு டப்பா தூசி தட்டுகிற வேலைதானே என்று நினைத்தேன். என்னுடைய ஒரு வரியை நம்பி நீ நான்கு டப்பாவையும் தின்பாய் என்று நினைக்கவில்லை. உன் கால் வீங்கியதில் எனக்கும் பங்கு உண்டு, அண்ணா.

பதில் வராத காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மூன்றாம் தேதி கடைப் படியில் முட்டி மடங்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் மாடி ஏற முடியாததால், எனக்குக் காகிதம் சப்ளை செய்கிறவள் தன் வீட்டுக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். புது எண்ணை எழுதி உனக்குப் போட வைத்திருந்த கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. கடை பூட்டியிருந்ததால் தபால்காரர் மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்ட உன் கடிதங்கள் என் வீட்டுக் கதவுக்குள் கிடந்தன. போனில் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்று பேசவில்லை. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் பயிற்சி செய்ய வேண்டும், அதுவரை மெஷின் முன்னால் நிற்கக் கூடாது என்கிறார்கள். கடையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் போல.

உன் பிரஷர் எவ்வளவு? நோட்டில் எழுதியதைப் போல ஒன்று விடாமல் எழுது.

தங்கை


ஜூலை 6

என் சின்னவளுக்கு, இன்று காலை நிலவரம். பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பது. இரண்டு மாத்திரை மறுபடி அரை மாத்திரை ஆகிவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் இருக்க வேண்டிய அளவு இருக்கிறது. கிட்னி ஒழுங்காக இருக்கிறது. கணுக்காலில் அழுத்தினால் குழி விழவில்லை. மூன்று மாடியும் நிற்காமல் ஏறினேன், அறிவிப்புகளை இறங்கும்போது படித்துக்கொண்டேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டாக்டர் சீட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படியில் உட்கார்ந்து படித்தேன். "சீல் உடையாமல்" என்ற இடத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. டிரைவர் ஓடி வந்தார். "என்ன பெரியவரே, மறுபடி ஏதாவது முழுங்கிட்டீங்களா?"

"அவ சாப்பிடவே இல்லப்பா. ஒரு ஸ்பூன்கூட!"

"பின்ன? உங்க வீட்டுல ஒருத்தருக்காவது புத்தி வேணாமா?"

அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு உன் மேல் கோபம் வந்தது. அரை மணி நேரம் இருந்தது. அப்புறம் மே மாதம் நான் எழுதிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. பேனா பிடித்து இரண்டு வருஷம் முடிவதற்குள் நானே சுகம் என்று பொய் எழுதியிருக்கிறேன். மை நிறைய இருந்தது, குறைவு என்று எழுதினேன். வெயில் அடித்தது, மழை என்று எழுதினேன். நான் ஒருவனே ஒரே தாளில் இத்தனை பொய் எழுத முடியும் என்றால், டப்பாக்காரர்கள் எழுத மாட்டார்களா? அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நீ சொல்லாமல் விட்டதற்காகப் பங்கு கேட்காதே. ஸ்பூனைத் தூக்கியது என் கை.

கடைக்காரரிடம் நோட்டை எடுத்துப் போய்க் காட்டினேன். முழுவதும் படித்தார். "ஐயா, சத்தியமா நான் பின்பக்கம் படிச்சதே இல்லை" என்றார். முகம் சின்னதாகிவிட்டது. "படிங்க தம்பி, இந்த வயசுல நானே படிக்கறேனே" என்று சொல்லிப் பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அது டீச்சருடையது. திரும்ப வாங்க வேண்டும்.

இப்போது உன் விஷயம். கடையைப் பூட்டாதே. ஆறு வாரம் மெஷின் முன்னால் நான் நிற்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "நாப்பத்தாறு வருஷம் நின்னவருக்கு நான் என்ன சொல்றது? நடுவுல நடுவுல உக்காந்துக்கோங்க" என்றார். இரண்டு காப்பி கேட்டால் இரண்டுதான் கொடுப்பேன், உன்னைப் போல இருபது கொடுக்க மாட்டேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பயிற்சி செய்துகொண்டே என்னை அதட்டலாம். வருகிறவர்களுடைய தாளை எல்லாம் நான் படிப்பேன். அதற்கு மட்டும் தடை போடாதே.

வியாழக்கிழமை காலை பஸ். மாலை நான்கு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். முதல் முறையாகத் தங்கை வீட்டுக்கு ஒன்றும் வாங்காமல் வருகிறேன். வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறான் பார் என்று யாராவது சொன்னால், ஆமாம், என் தங்கை உடம்புக்கு அதுதான் நல்லது என்று சொல்.

அண்ணன்